வழியிடையூறுகளும் கொடைக்கானலும்

அயல்நாடு சென்று ஊழியஞ் செய்யக் கருதிப் புறப்பட்டோரின் வரலாறுகளை வாசிக்கும்போது, அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஆற்றிய செயல்களையே நாம் பெரிதும் நோக்குகின்றோம். அங்குச் சேருமுன் வழியிற் பட்ட இடையூறுகளைக் கதைபோல் ஒரு பக்கத்திற் கண்டு, அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகின்றோம். ஆயினும் ஊன்றி நோக்குவார்க்கு, அவ்விடையூறுகளே பலமுறை ஊழியம் நடைபெறும் இடத்தையும் அதன் வகையையும் நிர்ணயித்தன என்பது புலனாகும். பழனி மலைத்தொடரின் மீது சுமார் 7000 அடி உயரத்தில் விளங்கும் கொடைக்கானல் நகரம் இதற்குத் தக்க சான்றாகும். கோடைக்காலத்தில் இன்பமாய்த் தங்குமிடமென்று இந்நாளில் அறியப்படும் அந்நகரம், வழியிலே தடையுண்டும், நோயுற்றபோது தாயகந் திரும்ப இயலாமலும் நின்றோரால் தோன்றியது. அது நிகழ்ந்தவாற்றை முறையே ஆராய்வோம்.

முற்கால நிகழ்ச்சிகள்

பிரயாண இடையூறு கிறிஸ்தவ ஊழியத்திற்குப் புதியதன்று. அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகையில் கப்பற்சேதமடைந்து, மெலித்தா தீவிலே மூன்று மாதம் தங்க நேர்ந்ததை யாவரும் அறிவர். நம் தமிழ்நாட்டிலும் இத்தகையவை முதல் தொட்டே காணப்படுகின்றன. சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இருவரும் 1706-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ம் தேதி தரங்கம்பாடி வந்தடைந்தனர். சில ஆண்டுகளுக்குள் அவர்களுக்கென ஐரோப்பாவினின்று அனுப்பப்பெற்ற பணப்பெட்டியொன்று, கப்பலினின்று கரைக்குக் கொண்டுவரப்படும்போது படகு கவிழ்ந்தமையால் கடலில் ஆழ்ந்துபோயிற்று. பல்லாயிரம் மைல் கடந்துவந்த பொருள், கண்ணுக்கெட்டிய தூரத்தில் கரையிருக்க அழிந்தது.

அதனினும் வியப்புக்குரியது அச்சியந்திரத்தின் கதை. 1711-ல் இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் ஓர் அச்சியந்திரத்தையும், அதனை இயக்க வல்ல ஜோனாஸ் பிங்கு என்பவரையும் தரங்கம்பாடிக்கென அனுப்பினர். அக்கப்பல் தென் அமெரிக்காவிலுள்ள ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. பின்னர் விடுபட்டு வருகையில், நன்னம்பிக்கை முனைக்கு அருகே பிங்கு காய்ச்சலால் மாண்டார். 1712-ல் இயந்திரம் மட்டும் இயக்குவோனின்றிச் சென்னை வந்து சேர்ந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் படைவீரருள் அச்சுத்தொழில் அறிந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து வேலையைத் தொடங்கினர். 1713-ல் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரினின்று தமிழ் அச்செழுத்துக்கள் வந்தன. 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது.

அமெரிக்கர் வந்த வழி

கொடைக்கானலின் கதை 1812-ல் தொடங்குகின்றது. அவ்வாண்டு பெப்ரவரி 19-ம் தேதி, அமெரிக்காவிலுள்ள சேலம் என்னும் துறைமுகத்தினின்று காரவன் என்ற கப்பல் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும், சாமுவேல் நியூவெலும் அவர் மனைவி ஹாரியட்டும் ஏறியிருந்தனர். இரு தம்பதிகளும் அம்மாதத்திலேதான் மணம் புரிந்துகொண்டவர். ஹாரியட்டுக்கு அப்போது வயது 18. நான்கு மாதங் கழித்து, ஜூன் மத்தியில் அவர்கள் கல்கத்தா சேர்ந்தனர். ஆனால் அக்காலத்தில் இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார் மிஷனெரிகள் தம் எல்லையில் தங்குவதை விரும்பவில்லை. அதே ஜூன் மாதத்தில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டதும் அவர்கள் நிலையை மேலும் இடர்ப்படுத்திற்று. நாட்டை விட்டு நீங்குமாறு அவர்களுக்குக் கட்டளை பிறந்தது.

நியூவெல் தம்பதிகள் மோரீசுத் தீவுக்குக் கப்பலேறினர். எதிர்க்காற்றால் அக்கப்பல் வங்காள விரிகுடாவிலேயே நெடுநாள் அலைப்புண்டது. அதன் அடித்தளத்தில் நீர் கசியத் தொடங்கவே, கோதாவரிக் கழிமுகத்தையடுத்த கோரங்கித் துறையில் ஒதுங்கிற்று. அங்கிருந்து மறுபடியும் புறப்பட்டுச் செல்கையில், நடுக்கடலில், மருத்துவரோ செவிலியோ இன்றி, ஹாரியட் ஒரு பெண்மகவைப் பெற்றார். குளிரிலும் மழையிலும் அக்குழந்தை ஐந்தே நாளில் மடிந்தது. மோரீசு சேர்ந்தபின் தாயும் க்ஷயரோகத்தால் நலிந்து, 1812 நவம்பர் 30-ம் தேதி, தமது 19-ம் வயதில் காலஞ்சென்றார். ஊழியத்திற்கெனப் புறப்பட்ட அவர், ஊழிய நிலத்தில் ஒருநாளும் ஊழியஞ் செய்யாமலே மறைந்தார்.

மனைவியையும் மகவையும் இழந்த சாமுவேல் நியூவெல் 1813-ல் இலங்கைக்குச் சென்றார். அங்கு ஆங்கில அதிகாரிகள் அவரை அன்புடன் ஏற்றனர். யாழ்ப்பாணத்துத் தமிழரைக் குறித்து அவர் அமெரிக்காவுக்கு எழுதிய கடிதங்களே அங்கு ஒரு மிஷன் நிறுவுவதற்குக் காரணமாயின. டானியேல் பூர் முதலியோர் 1815 அக்டோபர் 23-ம் தேதி நியூபரிபோர்ட்டில் டிரையட் என்னும் கப்பலேறி, ஐந்து மாதஞ் சென்று, 1816 மார்ச் 22-ம் தேதி கொழும்பு சேர்ந்தனர். பின்னர் யாழ்ப்பாணம் சென்று, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களில் நிலைபெற்றனர்.

அங்கும் தடை நீங்கிற்றில்லை. 1820-ல் ஜேம்ஸ் காரெட் என்னும் அச்சுத்தொழிலாளர் யாழ்ப்பாணம் வந்தபோது, புதிய அமெரிக்கர் எவரையும் ஏற்பதில்லையென்று இலங்கைத் துணைத்தேசாதிபதி அவரைத் தீவினின்று வெளியேறுமாறு பணித்தார். கடலின் கொடுமையைக் கடந்துவந்தவரை ஒரு தாளிலெழுதிய உத்தரவு திருப்பிவிட்டது. பல ஆண்டுகள் கழித்தே அத்தடை நீக்கப்பட்டது. 1834-ல் லெவி ஸ்பால்டிங் என்பவர் யாழ்ப்பாணத்தினின்று கடல் தாண்டிவந்து மதுரையைப் பார்த்துச் சென்றார். அவ்வாண்டு ஜூலையில் ஹாய்சிங்டன், டாட் என்னும் இருவர் மதுரையிற் குடியேறினர். அதுவே அமெரிக்க மதுரை மிஷனின் தொடக்கம். கல்கத்தாவில் அடைபட்ட கதவினின்று மோரீசுக்கும், மோரீசினின்று யாழ்ப்பாணத்திற்கும், யாழ்ப்பாணத்தினின்று மதுரைக்கும் வழி இவ்வாறு வளைந்து வந்தது.

கடற்பிரயாணத்தின் இயல்பு

அக்காலத்துப் பாய்க்கப்பற் பிரயாணம் எத்தகையதென இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். பாஸ்டன் நகரினின்று சென்னைக்கு நேர்கோட்டில் வருதல் இயலாது. காற்றின் போக்கை அனுசரித்து, அட்லாண்டிக் சமுத்திரத்தில் பிரேசில் நாட்டுக் கரையை நோக்கித் தெற்கே இறங்கி, அங்கிருந்து மேல்காற்றைப் பற்றி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பின் வடக்கே திரும்புதல் வேண்டும். நடுக்கோட்டையடுத்த பகுதியில் காற்றே இல்லாமற்போகும். கப்பல் நாட்கணக்காய் அசையாது நிற்கும். பீப்பாய்களில் அடைத்த நீர் நாற்றமெடுக்கும். உப்பிட்ட இறைச்சியும் கடினமான ரொட்டியுமே உணவு. நான்கு மாதம் விரைவான பிரயாணமென்றும், ஐந்து மாதம் சாதாரணமென்றும் எண்ணப்பட்டன.

சென்னை சேர்ந்தபின்னும் அபாயம் தீர்ந்ததில்லை. அங்கு அக்காலத்தில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வெகுதூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பிரயாணிகள் மசூலாப் படகுகளில் இறங்கி, அடுக்கடுக்காய்ப் புரளும் அலைகளைக் கடந்து வருவர். அப்படகுகளின் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆதலின் அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். அலையின் தருணமறிந்து துடுப்பிடும் ஆற்றல் சென்னைக் கடற்கரை மீனவரிடமே இருந்தது. படகு கவிழ்ந்தால் வீழ்ந்தோரை எடுப்பதற்குக் கட்டுமரக்காரர் உடன் வருவதும் உண்டு. இவ்வாறு கரையேறிய எத்தனையோ பேரின் நாட்குறிப்புகள் அச்சாகியுள்ளன. கரையேற்றியவர் பெயர் அவற்றில் அரிதாகவே காணப்படும்.

மலையேறிய காரணம்

இத்துணை நெடிய வழி மதுரை மிஷனுக்கு எவ்வாறு இடராயிற்று? மதுரையின் வெப்பத்தையும், அங்கு அடிக்கடி தோன்றிய வாந்திபேதியையும், மலைச்சுரத்தையும் புதிதாய் வந்தோர் உடல் தாங்கவில்லை. முதற் பத்தாண்டுகளில் பலர் மாண்டனர். நோயுற்றவர் தாயகஞ் சென்று தேற எண்ணினால், போவதற்கு ஐந்து மாதம், மீள்வதற்கு ஐந்து மாதம் ஆகும். அந்நெடுவழியிலேயே நோயாளி இறப்பதும் நேரிடும். யாழ்ப்பாண மிஷனைச் சார்ந்த எட்வர்டு வாரன் என்பவர் உடல் தேறுவதற்காகக் கப்பலேறி, 1818-ல் நன்னம்பிக்கை முனையிலேயே உயிர் நீத்தார். ஆகவே இருக்கும் நாட்டிலேயே குளிர்ந்த இடமொன்றைத் தேடுவது இன்றியமையாததாயிற்று.

முதலில் அவர்கள் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதற்குரிய காரணம் அக்காலத்தில் விளங்கவில்லை. கெட்ட காற்றால் மலைச்சுரம் உண்டாகிறதென்றே யாவரும் நம்பினர். 1897-ல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் நடத்திய ஆராய்ச்சிக்குப் பின்னரே கொசுவின் தொடர்பு வெளிப்பட்டது. சிறுமலை, கொடைக்கானலின் உயரத்தில் ஏறத்தாழப் பாதியே ஆதலின், சுரத்தைப் பரப்பும் கொசு வாழ்வதற்கு அங்குத் தடையில்லை. பழனி மலையின் மேற்பரப்பிலோ குளிர் மிகுதி. கொசுவின் உடலில் அந்நோய்க் கிருமி முதிர்வதற்கு வேண்டிய வெப்பம் அங்கு இல்லை. காரணம் அறியாதபோதும் அனுபவத்தால் அவர்கள் சரியான இடத்தைக் கண்டனர்.

அம்மலை பளியர், புலையர், மன்னாடியார் முதலிய மக்கள் பன்னெடுங்காலமாய் வாழ்ந்துவரும் இடம். 1821-ல் வார்டு என்னும் இராணுவ அதிகாரி அதனை அளந்து படமெழுதினார். 1834-ல் சப்-கலெக்டர் ராட்டன் தேவதானப்பட்டி வழியாய் ஏறிச் செண்பகனூரில் சிறு பங்களா ஒன்றைக் கட்டினார். 1845-ல் அமெரிக்க மிஷனெரிகள் நெபோ என்று பெயரிடப்பெற்ற குன்றின் அடியில் இரண்டு வீடுகளை எழுப்பினர். சன்னிசைடு, ஷெல்டன் என்னும் அவ்விரு வீடுகளே கொடைக்கானல் நகரின் முதற் குடியிருப்புக்கள்.

மலைவழியும் சுமந்தவரும்

கடலைக் கடந்தவர்க்கு இம்மலைவழி மற்றொரு பிரயாணமாயிற்று. சமவெளியில் இரவெல்லாம் மாட்டுவண்டியில் வந்து, பெரியகுளத்தை அடுத்து மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவர். அங்கிருந்து மேலே செல்லுஞ் செங்குத்தான வழி ஏறத்தாழ 12 மைல். வண்டி ஏறாது. வல்லவர் நடப்பர், சிலர் மட்டக்குதிரையில் ஏறுவர், நோயாளிகளும் பெண்டிரும் குழந்தைகளும் டோலியிலும், கழியிற் கட்டிய நாற்காலியிலும் சுமக்கப்பட்டுச் செல்வர். பெட்டி, படுக்கை, பாத்திரம், மேசை, கண்ணாடி யாவும் மனிதர் தலையிலும் தோளிலும் ஏறின. ஆங்கிலேயர் அவ்வழிக்குக் கூலிகள் கணவாய் என்னும் பொருள்படப் பெயரிட்டதே, அதில் நடந்தவர் யாரென்பதைக் காட்டும்.

இங்கு நாம் ஒன்றைக் கருதவேண்டும். அடிவாரத்துச் சுரத்திற்கு அஞ்சி மிஷனெரி குடும்பத்தார் இயன்றவரை விரைவாக அதனைக் கடந்தனர். அவர்களைச் சுமந்தவர்களோ பாரம் இறக்கியபின் மீண்டும் அச்சுரநிலத்திற்கே இறங்கினர். நோயினின்று தப்பும் வழி ஒருவர்க்குக் கிடைத்தபோது, அவ்வழியிற் சுமந்தவர்க்கு அது கிடைக்கவில்லை. கொடைக்கானலின் வரலாற்றை எழுதுவோர் இதனையும் சேர்த்தெழுதுதல் நீதியாகும்.

வைகையில் நேர்ந்த முடிவு

நெடுவழியின் அபாயம் எவ்வெல்லையிற் காத்திருக்குமென எவராலும் கூற முடியாது. டேவிட் காய்ட் ஸ்கடர் என்னும் இளைஞர் 1861-ல் பாஸ்டனினின்று புறப்பட்டு, சமுத்திரங்களை யாதொரு சேதமுமின்றிக் கடந்து மதுரை வந்தார். தமிழை ஆர்வத்துடன் கற்றார். அவ்வாண்டு டிசம்பரில் மதுரையில் அவருக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. அடுத்த ஆண்டு அவர் பழனி மலையின் அடிவாரமாகிய பெரியகுளத்தில் ஊழியத்தை ஏற்றார். 1862 நவம்பர் 19-ம் தேதி, பயணஞ் சென்று திரும்பும் வழியில், வெள்ளம் பெருகியிருந்த வைகையாற்றை நீந்திக் கடக்க முயன்று மூழ்கி இறந்தார். அவருக்கு வயது 27.

ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு வைகை. மேற்கு மலையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால், சமவெளியில் ஒரு துளியும் இல்லாதபோதும் வெள்ளம் சடுதியில் வந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஆற்றை நம்பலாகாதென்பது கரையோரத்தார்க்குப் பரம்பரை அறிவு. பாலமில்லாத அந்நாளில் அவ்வறிவே பாலமாக இருந்தது. சமுத்திரத்தின் அபாயத்திற்கு ஆயத்தமாய் வருபவர் சிற்றாற்றின் அபாயத்தை எளிதாக எண்ணிவிடுவதுண்டு. தந்தையை இழந்த அக்குழந்தையைத் தாய் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அவரே பின்னாளில் வெல்ஸ்லி கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராயும், ஏழை மக்களின் நலத்திற்குழைத்தவராயும் புகழ்பெற்ற வைடா ஸ்கடர்.

இடையூறுகள் விளைத்த ஏற்பாடுகள்

காலம் செல்லச்செல்ல வழிகள் திருந்தின. 1863-ல் கலெக்டர் லெவிஞ்சு கொடைக்கானலில் ஏரியை அமைத்தார். 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், நன்னம்பிக்கை முனையைச் சுற்றவேண்டிய தேவை நீங்கிற்று. நீராவிக் கப்பல்களால் மாதங்கள் வாரங்களாகக் குறைந்தன. 1875-ல் திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்கி மலையை நோக்கிச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. அந்நிலையம் இன்று கொடைக்கானல் ரோடு எனப்படுகின்றது. லா என்னும் அதிகாரி 1870-களில் திட்டமிட்ட வண்டிச்சாலை, பணமின்மையாலும் பிற தடைகளாலும் பல்லாண்டுகள் நின்றுபோய், 1914-ல் முடிவுற்றது. அதன்மேல் மோட்டார் வண்டிகள் ஏறத்தொடங்கவே, டோலியும் நாற்காலியும் மறைந்தன.

மற்றோர் ஏற்பாடு பள்ளிக்கூடம். மிஷனெரிகளின் பிள்ளைகள் இளவயதிலேயே கல்விக்காகக் கடல் கடந்து தாயகம் அனுப்பப்பட்டனர். பெற்றோரைப் பல்லாண்டுகள் காணாது வளர்ந்தனர். கப்பற்சேதத்தில் இறந்தோரைக் கணக்கெடுக்கலாம். இப்பிரிவின் துயரைக் கணக்கெடுத்தல் இயலாது. 1901-ல் ஹைகிளர்க் என்னும் இல்லத்தில் மார்கரெட் எடி அம்மையார் தொடங்கிய பள்ளி இத்துயரைக் குறைத்தது. இன்று பல நாட்டு மாணவர் பயிலும் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதன் வளர்ச்சியே. ஆக, அந்நகரின் பழைய வீடுகளும், சாலையும், பள்ளியும் ஒவ்வொரு பிரயாண இடருக்கு ஏற்பட்ட விடைகளாய் நிற்கின்றன.

வழி திருந்தியபின் அபாயம் முற்றும் ஒழிந்ததென எண்ணலாகாது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, இந்தியாவினின்று அமெரிக்கா திரும்பிய மிஷனெரியரும் அதில் இருந்தனர். ஜாஞ்சகீரில் ஊழியஞ் செய்த ஆனி பங்க் என்னும் அம்மையார், தம் தாய் நோயுற்ற செய்தி கேட்டுப் புறப்பட்டவர். நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் தாம் செல்லவிருந்த கப்பலை விட்டு டைட்டானிக்கில் ஏறி உயிரிழந்தார். குண்டூரினின்று மூன்று குழந்தைகளுடன் சென்ற நெல்லி பெக்கர் அம்மையார் குழந்தைகளோடு பிழைத்தார். 1941 ஏப்ரல் 17-ம் தேதி தென் அட்லாண்டிக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் சுட்டு மூழ்கடித்த ஜம்ஜம் என்னும் எகிப்தியக் கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட மிஷனெரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் ஆப்பிரிக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். சுட்டவரே அவர்களைக் கடலினின்று எடுத்துக் காத்தனர். குண்டுக்காயம்பட்ட பிரயாணி ஒருவர் பின்னர் இறந்தார்.

நாம் அறியத்தக்கது

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், வழியிடையூறுகள் மூவகையெனலாம். காற்று, வெள்ளம், நோய் என்னும் இயற்கையால் வருவன ஒருவகை. அரசாணையாலும் போராலும் வருவன மற்றொருவகை. அவ்விடத்து மக்களின் அறிவைக் கேளாமையால் வருவன மூன்றாம் வகை. முதல் இரண்டும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. மூன்றாவது நம் கையிலுள்ளது.

ஹாரியட் நியூவெலின் மரணத்தால் யாழ்ப்பாண மிஷன் பிறந்தது. ஆதலின் அம்மரணம் நன்றேயென்று சிலர் கூறத் துணிவர். அவ்வாறு கூறுதல் பக்தியும் அன்று, இரக்கமும் அன்று. பத்தொன்பது வயதுப் பெண்ணும் ஐந்து நாட் குழந்தையும் மாண்டது என்றும் துயரமே. அத்துயரில் மூழ்கிவிடாமல், கால் வைத்த புதிய கரையிலும் செய்யத்தக்கது யாதென்று சாமுவேல் நியூவெல் நோக்கினாரே, அந்நோக்கமே நன்மைக்கு வித்தாயிற்று.

1902-ல் யாழ்ப்பாணஞ் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் கடல் கடந்து தொண்டியில் ஊழியம் நடத்துவதையறிந்து உள்ளங்கிளர்ந்தார். அடுத்த ஆண்டு திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உண்டாயிற்று. ஒரு காலத்தில் வெளிநாட்டார் இடருற்று வந்த வழியிலே, நம்மவர் தாமே அனுப்புவோராயினர். இன்று விமானத்தில் இரண்டு நாளுக்குள் உலகின் மறுபுறம் சேர்ந்துவிடலாம். ஆயினும் அனுமதிச்சீட்டு மறுக்கப்படுதலும், நோயும், போரும், வெள்ளமும் இன்றும் உள்ளன. நம் கல்லூரியினின்று ஊழியத்திற்கெனப் புறப்படும் மாணவர், சேருமிடத்தை மட்டும் எண்ணாது, வழியிலுள்ளாரையும் எண்ணிச் செல்வாராக. எந்த ஆற்றை எப்போது கடக்கலாகாதென அவர்களிடம் கேட்பாராக. தம்மைச் சுமந்துசென்று சேர்ப்பிப்போரின் பெயரையும் தம் குறிப்பேட்டில் எழுதிவைப்பாராக.